ஔடத தானமும் எல்லை விரதமும்

(அறக்கட்டளையின் திருவிழாச் சொற்பொழிவு வரிசையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

அருகப் பெருமானின் திருவடிகளை வணங்கி இவ்வுரை தொடங்குகின்றது.

இல்லறத்தில் நின்று நோன்பு காக்கும் சாவகருக்கு நான்கு தானங்கள் விதிக்கப்பட்டுள்ளன. உணவு, மருந்து, நூலறிவு, அடைக்கலம் என்பன அவை. இந்நான்கனுள் மருந்துத் தானத்திற்குச் சமந்தபத்திர ஆசாரியர் விருஷபசேனை என்னும் நங்கையை எடுத்துக்காட்டாக நிறுத்தினார். தமிழ்ச் சமணரிடத்தில் இத்தானத்தின் மணம் நூற்பெயரிலும் கலந்திருக்கின்றது. கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்து வேர்களின் பெயரால் காரியாசான் சிறுபஞ்சமூலம் செய்தார். ஏலம் முதலாகிய ஆறு சரக்குகளின் பெயரால் கணிமேதாவியார் ஏலாதி செய்தார். உடற்பிணிக்கு மருந்தும் உயிர்ப்பிணிக்கு அறமும் ஒரே கையால் வழங்கப்படவேண்டும் என்று அவ்விருவரும் கருதியமை இதனால் விளங்கும்.

ஆனால் மருந்து என்பது உணவைப் போன்றதன்று. பசித்தவனுக்குச் சோறிடுவோன் சமையற்கலை முழுதும் கற்றிருக்க வேண்டுவதில்லை. நோயுற்றவனுக்கு மருந்திடுவோனோ, தான் கற்றது எது, கல்லாதது எது என்பதை அறிந்திருத்தல் வேண்டும். இந்த அறிவு இல்லாத இடத்தில் தானமே ஊறாக முடியும். இன்று பல அறக்கட்டளைகள் இயற்கை மருத்துவ முகாம்கள் நடத்த ஆர்வம் கொண்டுள்ளன. புலால் நீக்கம், உண்ணாநோன்பு, பொழுது சாயுமுன் உண்ணல், காய்ச்சி வடிகட்டிய நீர் என்பனவற்றில் பழகிய சமணக் குடும்பங்களுக்கு இயற்கை மருத்துவம் தாய்வீடு போன்றது. ஆதலால் அதன் சட்ட நிலையையும் தொழில் எல்லையையும் அறிந்துகொள்வது ஆர்வமுள்ளோர்க்கு முதற்கடமை.

கடலுக்கும் ஏரிக்கும் இடையே ஒரு குப்பம்

பொதுவாகப் பேசுவதைவிட ஓரிடத்தை மனத்தில் இருத்திப் பேசுவது நன்று. புழல் ஆதிநாதர் ஆலயத்தில் வழிபட்டு வடக்கே செல்பவர், பொன்னேரி கடந்து பழவேற்காட்டை அடைவர். சென்னையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி அங்கே விரிகின்றது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல்திட்டின்மேல் லைட்ஹவுஸ் குப்பம் அமைந்துள்ளது. கலங்கரை விளக்கத்தால் பெயர் பெற்ற மீனவர் ஊர். ஒருபுறம் அலை, மறுபுறம் அசைவற்ற ஏரிநீர். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. கடலிலும் ஏரியிலும் மீன், இறால், நண்டு பிடித்தலே இப்பகுதியின் வாழ்வு. ஏரியின் சுற்றுப்புற ஊர்களில் பெண்கள் இடுப்பளவு நீரில் நின்று கைகளால் தடவி இறால் பிடிக்கும் காட்சியும் உண்டு.

இத்தகைய ஊரில் நோய் வந்தால் என்ன நேரும்? சிறு துன்பத்திற்குப் பழவேற்காட்டின் ஆரம்ப சுகாதார நிலையம். பெருந்துன்பத்திற்கு ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பொன்னேரி. அதற்கும் மேற்பட்டால் சென்னை. நாள் கூலி இழந்து, வண்டிக்குப் பணம் தேடிச் செல்லவேண்டும். ஆதலால், ஊருக்கே வந்து "மருந்து இல்லை, ஊசி இல்லை, செலவும் இல்லை" என்று சொல்லும் ஒருவரை அங்குள்ள மக்கள் வரவேற்பது இயல்பே. அந்த வரவேற்பில்தான் பொறுப்பும் இருக்கின்றது. மருத்துவரை மாற்றிக்கொள்ள வசதியுள்ள நகரத்தார் ஒரு தவறான அறிவுரையிலிருந்து மீண்டுவிடலாம். அடுத்த மருத்துவர் ஏரிக்கு அப்பால் இருக்கும் ஊரில் அத்தவறு உயிரைக் கேட்கும்.

ஒரே காயத்தில் இரண்டு மருத்துவங்கள்

இப்பொருளை விளக்குதற்கு மீனவர் நன்கறிந்த ஒரு காயம் போதும். ஆழமற்ற நீரில் நடப்பவன் மணலில் புதைந்து கிடக்கும் திருக்கை மீனை மிதித்துவிட்டால், அது வாலை வீசி முள்ளைப் பாய்ச்சும். முள்ளில் நஞ்சு உண்டு. வலி பொறுக்க முடியாததாக இருக்கும். பொறுக்கக்கூடிய சூடுள்ள வெந்நீரில் காயம்பட்ட காலை அமிழ்த்தி வைத்தால் வலி வெகுவாகத் தணியும். ஏனெனில் அந்நஞ்சு வெப்பத்தால் சிதையும் இயல்புடையது. இன்றைய நவீன மருத்துவ நூல்களும் இதனையே முதலுதவியாகக் கூறுகின்றன. மண், நீர், வெப்பம் முதலிய இயற்கைப் பொருள்களின் ஆற்றலை நம்பும் இயற்கை மருத்துவத்திற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் வெந்நீர் அக்காயத்தின் பாதிக் கதையே. முள்ளின் துணுக்கு உள்ளே ஒடிந்து தங்கியிருக்கலாம். அதனை எடுக்காவிட்டால் புண் சீழ்ப்பிடிக்கும். மண்ணும் உவர்நீரும் பட்ட ஆழ்ந்த காயத்திற்கு டெட்டனஸ் தடுப்பூசி வேண்டும். முள் மார்பிலோ வயிற்றிலோ பாய்ந்திருந்தால் உடனே அறுவை அரங்கத்திற்குக் கொண்டு செல்லவேண்டும். வெந்நீரோடு நிறுத்திக்கொண்டு "குணமாகிவிடும்" என்று வீட்டுக்கு அனுப்புபவர், தாம் செய்த நன்மையைத் தாமே கெடுத்தவர் ஆவார். வெந்நீர் வைத்துவிட்டு, "இது என் பங்கு, மீதிக்குப் பொன்னேரி செல்க" என்று வண்டி ஏற்றி அனுப்புபவரே மருத்துவர். தொழில் எல்லை என்று சட்டம் சொல்வது இதனையே.

பாம்புக் கடியில் இவ்வெல்லை இன்னும் கடுமையானது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கு முறிமருந்து ஊசி உண்டு. அதற்கு ஈடான இலையோ மண்பற்றோ கிடையாது. கடித்த இடத்தைக் கீறுதல், கயிற்றால் இறுகக் கட்டுதல், பச்சிலை தேடுதல் என்று கழியும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் ஆயுளிலிருந்து கழிவதாகும்.

இயற்கை மருத்துவம் வந்த வழி

இந்தியாவில் இம்மருத்துவம் வேரூன்றியதில் காந்தியடிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. 1945 நவம்பர் 18 அன்று புனேயில் அகில இந்திய இயற்கை மருத்துவ அறக்கட்டளையின் ஆவணத்தில் அவர் கையெழுத்திட்டார். அந்நாளே இப்போது தேசிய இயற்கை மருத்துவ நாளாகக் கொண்டாடப்படுகின்றது. மறு ஆண்டில் புனேக்கு அருகிலுள்ள உருளி காஞ்சன் என்னும் சிற்றூரில் ஏழைகளுக்கான இயற்கை மருத்துவ நிலையத்தைத் தொடங்கினார். தமிழகத்தில் புதுக்கோட்டை லட்சுமண சர்மா நூல்கள் வழியாக இக்கலையைப் பரப்பினார்.

அதே காந்தியடிகளின் வாழ்வில் மறக்கக்கூடாத ஓர் இரவும் உண்டு. 1924 ஜனவரி 12. எரவாடா சிறையிலிருந்து குடல்வால் அழற்சியுடன் புனேயின் சசூன் மருத்துவமனைக்கு அவர் கொண்டுவரப்பட்டார். ஆங்கிலேய மருத்துவர் கர்னல் மேடாக் அறுவை செய்தார். நடுவில் மின்விளக்கு அணைந்துவிட, அரிக்கேன் விளக்கொளியில் அறுவை நிறைவேறியது. மண்பற்றையும் நீர்ச் சிகிச்சையையும் உயிராகப் போற்றிய அவர், அன்று கத்திக்கு இசைந்தார். மண்பற்றின் எல்லையை அறிந்து நடந்ததனால் அவருடைய நம்பிக்கை குறைபட்டதென்று எவரும் கூறார்.

சமணர் பெருமைப்படத்தக்க ஓர் இடமும் இவ்வரலாற்றில் உண்டு. கருநாடகத்தின் தர்மஸ்தலத்தில் வழிவழியாக அறப்பணி நடத்தும் சமணக் குடும்பமாகிய ஹெக்டே மரபினரின் ஆதரவில், உஜிரே என்னும் ஊரில் 1989-ல் இயற்கை மருத்துவ, யோக அறிவியல் கல்லூரி தோன்றியது. இத்துறையில் பட்டப்படிப்பை வளர்த்த முன்னோடி நிறுவனங்களுள் அது ஒன்று. தமிழகத்தில் சென்னை அரும்பாக்கத்தில் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி 2000-ல் தொடங்கப்பட்டது. நான்கரை ஆண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளிருப்புப் பயிற்சியும் கொண்டது இப்பட்டம். சுருக்கமாக பி.என்.ஒய்.எஸ். என்பர். உடற்கூறு, உடலியங்கியல், நோயியல் முதலியவற்றையும் மாணவர்கள் கற்கின்றனர். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவுகளும் இயங்குகின்றன. இவர்கள் மருந்தின்றி மருத்துவம் செய்யப் பயின்றவர்கள். மண்பற்று, நீராவிக் குளியல், வாழையிலைக் குளியல், இடுப்புக் குளியல், உணவுமுறை, உபவாசம், யோகம் என்பன இவர்களின் கருவிகள்.

சட்டம் விட்ட இடைவெளி

இனிச் சட்ட நிலையைக் காண்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கின்றது. 1970-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ மைய மன்றச் சட்டம் ஆயுர்வேதம், சித்தம், யுனானி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. ஓமியோபதிக்கு 1973-ல் தனிச் சட்டம் வந்தது. 1970-ஆம் ஆண்டுச் சட்டத்தின் இடத்தில் 2020-ல் இந்திய மருத்துவ முறைக்கான தேசிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயுர்வேதம், யுனானி, சித்தம், சோவா ரிக்பா ஆகிய நான்கே அதனுள் அடங்கின. யோகத்தையும் இயற்கை மருத்துவத்தையும் சேர்க்கவேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு பரிந்துரைத்திருந்தும் அவை சேர்க்கப்படவில்லை. ஆயுஷ் என்னும் பெயரில் நடுவில் நிற்கும் எழுத்து யோகத்தையும் இயற்கை மருத்துவத்தையும் குறிப்பதே. பெயரில் இடம் பெற்ற முறை, ஒழுங்குமுறைச் சட்டத்தில் இடம் பெறவில்லை. ஆராய்ச்சிக்கு 1978 முதல் மத்திய மன்றம் ஒன்று உண்டு. மருத்துவரைப் பதிவு செய்து, தவறினால் நீக்கும் அதிகாரம் கொண்ட அகில இந்திய மன்றம்தான் இல்லை.

ஆதலால் அப்பொறுப்பு மாநிலங்களின் தலையில் விழுந்தது. கருநாடகம் 1961-லேயே ஆயுர்வேதம், சித்தம், யுனானி, யோகம் ஆகியவற்றோடு இயற்கை மருத்துவத்தையும் சேர்த்துப் பதிவுச் சட்டம் இயற்றியது. சில மாநிலங்களில் வாரியத்தின்கீழ்ப் பதிவு நடைபெறுகின்றது. சில மாநிலங்களில் தெளிவான வழியே இல்லை. ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற மருத்துவர் எல்லை தாண்டினால் அவருடைய நிலை என்ன என்பது கேள்வியாகின்றது. பழவேற்காடு ஏரி தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் பரந்து கிடப்பது. ஏரியின் நீருக்கு மாநில எல்லை தெரியாது. ஏரிக்கரை நோயாளிக்கும் தெரியாது.

இந்த இடைவெளியால் பெரிதும் துன்புறுவோர் முறையாகப் படித்த இயற்கை மருத்துவர்களே என்பதைக் கருதவேண்டும். ஐந்தரை ஆண்டு பயின்றவரின் பெயர்ப்பலகைக்குப் பக்கத்தில், அஞ்சல்வழிச் சான்றிதழ் பெற்ற ஒருவரின் பெயர்ப்பலகையும் "இயற்கை மருத்துவர்" என்றே தொங்குகின்றது. பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரிவதில்லை. போலியால் கேடு நேர்ந்தால் பழி இருவர்க்கும் சேர்கின்றது. ஒழுங்குமுறை என்றால் அடக்குமுறை என்று அஞ்சுவோர் இதனை எண்ணிப் பார்க்கவேண்டும். வேலி திருடனைத் தடுப்பதோடு பயிரையும் காக்கின்றது.

மத்திய மன்றம் இல்லை என்பதனால் எல்லையே இல்லை என்று கொள்ளலாகாது. வேறு சட்டங்கள் நிற்கின்றன. தமிழ்நாட்டில் 1997-ஆம் ஆண்டின் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், 2018-ல் திருத்தம் பெற்று நடைமுறையில் உள்ளது. மருத்துவ நிலையம் நடத்துவோர் அதன்கீழ்ப் பதிவு பெறவேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், உரிய பதிவின்றி நவீன மருத்துவம் செய்வோர்க்கு ஓராண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கின்றது. 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், புற்றுநோய், நீரிழிவு, வலிப்பு, உயர் இரத்த அழுத்தம் முதலிய 54 நோய்களை மருந்தாலோ மாயத்தாலோ குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றது. முகாமின் துணிப்பதாகையில் "சர்க்கரை நோய் முற்றிலும் தீரும்" என்று எழுதுமுன் அறக்கட்டளையினர் இச்சட்டத்தை நினைவுகொள்ளல் நலம்.

நீதிமன்றத்தின் சொல்லும் உண்டு. ஓமியோபதி பயின்ற ஒருவர், காய்ச்சலுற்ற நோயாளிக்கு நவீன மருந்துகளை வழங்கினார், நோயாளி இறந்தார். 1996-ல் உச்ச நீதிமன்றம் அவ்வழக்கைத் தீர்த்தபோது, தாம் பயிலாத முறையில் மருத்துவம் செய்ததே கவனக்குறைவு. அதற்குமேல் வேறு சான்று தேவையில்லை என்னும் கருத்தை நிலைநாட்டியது. மூன்று லட்சம் ரூபாய் இழப்பீடும் விதித்தது. ஓமியோபதிக்குக் கூறிய இந்நெறி இயற்கை மருத்துவர்க்கும் பொருந்தும். தம் முறைக்குள் அவர்கள் மருத்துவர்கள். அதன் புறத்தே அவர்கள் மற்றையோர் போன்றவர்களே.

பிற நாடுகளிலும் இவ்வெல்லை ஒருபடித்தானதன்று. அமெரிக்காவின் ஒரெகான், அரிசோனா மாநிலங்களில் உரிமம் பெற்ற இயற்கை மருத்துவர் மருந்துச் சீட்டும் எழுதலாம். டென்னசியில் அத்தொழிலுக்கே தடை. செருமனியில் 1939-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மருத்துவப் பட்டம் இல்லாதவரும் தேர்வில் தேறினால் சிகிச்சை செய்யலாம். ஆனால் மகப்பேறு, பல் மருத்துவம், குறிப்பிட்ட தொற்றுநோய்கள் ஆகியவற்றில் கை வைக்கலாகாது. வழிகள் பலவாயினும் கேள்வி ஒன்றே: எதுவரை?

பற்றாக்குறை எல்லையை நீக்குமா?

இங்கே நியாயமான ஒரு வாதத்திற்கு விடை கூறவேண்டும். "லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களுக்கு நவீன மருத்துவர் வருவதில்லை. வருகின்ற இயற்கை மருத்துவருக்கு ஓரிரு மருந்துகள் எழுதும் உரிமையைத் தந்தால் என்ன?" என்பது அவ்வாதம். 2017-ல் கொண்டுவரப்பட்ட தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில் ஆயுஷ் மருத்துவர்களுக்கு இணைப்புப் படிப்பு ஒன்று முன்மொழியப்பட்டது. எதிர்ப்பு எழுந்தபின் அது கைவிடப்பட்டது.

ஏழை ஊருக்கு அரைகுறைப் பயிற்சி போதும் என்று எண்ணுவது அறமாகுமா என்பதை முதலில் எண்ணவேண்டும். செல்வர் தம் பிள்ளைக்கு ஏற்காத மருத்துவத்தை மீனவர் பிள்ளைக்குத் தானமாக வழங்குதல் தானம் ஆகாது. மேலும், மருந்து எழுதாமலே இயற்கை மருத்துவர் செய்யக்கூடிய பணி அவ்வூரில் மலையளவு உள்ளது. இரத்த அழுத்தம் அளக்கலாம். சர்க்கரை பார்க்கலாம். தம்மிடம் உயர் இரத்த அழுத்தம் இருப்பதையே அறியாது கடலுக்குச் செல்பவரைக் கண்டுபிடித்து மருத்துவமனைக்கு அனுப்பலாம். கருவாட்டு உப்பைக் குறைக்கச் சொல்லலாம். வலை இழுத்துத் தேய்ந்த தோளுக்கும் முதுகுக்கும் பயிற்சி கற்பிக்கலாம். புகையிலையும் மதுவும் விடத் துணை நிற்கலாம். நோயைக் கண்டு உரிய இடத்திற்கு அனுப்புதலும் மருத்துவமே. அது எல்லைக்கு உட்பட்ட பணிகளுள் தலையாயது.

எல்லை மீறினால் நேர்வதைத் தமிழகம் கண்டிருக்கின்றது. 2018 ஜூலையில் திருப்பூரில் வீட்டிலேயே பிரசவம் பார்க்க முயன்ற குடும்பத்தில், இரத்தப்போக்கினால் தாய் இறந்தார். அடுத்த சில நாள்களில், வீட்டுப் பிரசவத்திற்குப் பயிற்சி தருவதாக அறிவித்த ஒருவர் கோவையில் கைதானார். அத்துன்பத்தில் தீய எண்ணம் கொண்டவர் எவரும் இருந்திருக்க வேண்டுவதில்லை. தாயை நேசித்தவர்களே சூழ்ந்திருந்தனர். "இயற்கையானது தீங்கு செய்யாது" என்னும் ஒரு நம்பிக்கை போதுமானதாயிற்று.

அந்நம்பிக்கை எவ்வளவு பிழையானது என்பதற்கு இளநீரே சான்று. நலமுள்ளவர்க்கு அமுதம். சிறுநீரகம் செயலிழந்தவர்க்கோ, அதிலுள்ள பொட்டாசியம் இரத்தத்தில் மிகுந்து இதயத்தை நிறுத்தக்கூடும். பழச்சாறு உபவாசமும் அவர்களுக்கு அவ்வாறே. முதல் வகை நீரிழிவுள்ள சிறுவனின் இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களில் உயிர்க்கே ஆபத்து நேரும். காசநோய் மருந்தை இடையில் நிறுத்தினால், மருந்துக்கு அடங்காத காசநோய் வளர்ந்து வீட்டிலுள்ளோர்க்கும் பரவும்.

இது மீனவர் குப்பத்திற்கு மட்டும் உரிய எச்சரிக்கையன்று. தசலட்சணப் பருவத்தில் நோன்பிருக்கும் பெரியோர் பலர் சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர்கள். உண்ணாத வயிற்றில் அம்மருந்து சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தி மயக்கத்தில் தள்ளக்கூடும். நோன்பை விடுவதா, மருந்தை விடுவதா என்று வீட்டுக்குள்ளேயே முடிவு செய்யாமல், நோன்புக்கு முன்பே தம் மருத்துவரிடம் சென்று அளவை மாற்றி அமைத்துக்கொள்ளவேண்டும். இயலாதவர்க்கு ஏகபுத்தியும், சுவை துறத்தலும், சிலவகை உணவு நீக்கமும் முன்னோர் வகுத்த வழிகளாக இருக்கின்றன. ஆற்றலுக்கு ஏற்ற தவமே தவம் என்பது ஆகமநெறி.

சாவகர் விரதத்தில் மருத்துவ அறம்

சட்டம் இன்று தேடுகின்ற இக்கருத்து, சாவகர் விரதங்களில் முன்னமே உள்ளது. இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன்வழித் தமிழில் எழுந்த அருங்கலச்செப்பும் இல்லறத்தார்க்குரிய விரதங்களைக் கூறுகின்றன. ஐந்து அணுவிரதங்களுக்குப்பின் வருவன குணவிரதங்கள். அவற்றுள் முதலாவது திக்விரதம். கிழக்கே இந்த ஆறு வரை, தெற்கே இந்த மலை வரை எனத் திசைகளுக்கு எல்லை வகுத்துக்கொண்டு, அதற்கு அப்பால் சென்று வினை செய்யாதிருத்தல். எல்லைக்கு அப்பால் உள்ள உயிர்களுக்குத் தம்மால் நேரக்கூடிய ஊறு முழுதும் அதனால் நீங்குகின்றது. மருத்துவரின் தொழில் எல்லை இதனோடு எவ்வளவு பொருந்துகின்றது என்பதைக் காண்க. "இந்நோய் வரை, இக்கருவி வரை" என்று வகுத்துக்கொண்டவர், அப்பாலுள்ள தீங்கு அனைத்திலிருந்தும் தம்மையும் பிறரையும் காக்கின்றார். எல்லை வகுத்தலை இழப்பென்று எண்ணாமல் விரதமென்று போற்றியது சமணம்.

அடுத்துக் கூறப்படும் அனர்த்ததண்ட விரதம், பயனின்றி விளையும் தீங்குகளை நீக்குவது. அத்தீங்குகளில் ஒன்று பாபோபதேசம், அதாவது ஊறு விளைக்கும் அறிவுரை கூறுதல். "உன் மாத்திரையை நிறுத்து" என்று திருமண வீட்டுப் பந்தியில் இலேசாகச் சொல்லும் சொல்லும் இவ்வகையில் சேரும். இம்சையின் இலக்கணத்தைத் தத்துவார்த்த சூத்திரம் வகுத்தபோது, கொல்லும் எண்ணத்தை மட்டும் அது கூறவில்லை. பிரமாதத்தோடு கூடிய செயலால், அதாவது கருத்தின்மையால், உயிர்க்கு நேரும் ஊறே இம்சை என்றது. கல்லாத மருத்துவத்தைக் கருணையோடு செய்தாலும் கருத்தின்மை கருத்தின்மையே.

முகாம் நடத்த எண்ணும் அறக்கட்டளையினர்க்குச் சில நெறிகள் இதிலிருந்து பெறப்படும். முதலாவது, மருத்துவரின் பட்டத்தையும் பதிவு எண்ணையும் நேரில் பார்த்து எழுதி வைத்தல். பெயருக்கு முன்னுள்ள "டாக்டர்" என்னும் சொல்லை மட்டும் நம்பாமை. இரண்டாவது, நடந்துகொண்டிருக்கும் எந்த மருந்தையும் முகாமில் நிறுத்தச் சொல்லாமை. மூன்றாவது, கருவுற்ற தாய்மார், கைக்குழந்தைகள், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், கடுங்காய்ச்சல், பாம்புக்கடி ஆகியோரையும் ஆகியவற்றையும் காத்திருக்க வைக்காமல் 108 ஊர்தியில் ஏற்றுதல். நான்காவது, எழுத்தில் பரிந்துரைச் சீட்டுக் கொடுத்து, பொன்னேரி வரை செல்ல ஒரு வண்டியை முகாம் முடியும்வரை நிறுத்தி வைத்தல். வண்டி இல்லாத பரிந்துரை ஏழைக்குப் பயன்படாது. ஐந்தாவது, ஒருமுறை வந்து மறையாமல் மீண்டும் வந்து, அனுப்பப்பட்டவர் மருத்துவமனை சென்றாரா என்று கேட்டறிதல்.

ஆறாவதாக ஒன்று உண்டு. அது சமணர்க்கே உரிய எல்லை. லைட்ஹவுஸ் குப்பத்தார் மீனால் வாழ்பவர்கள். கொல்லாமையைத் தலையறமாகக் கொண்டோர் அங்கே மருத்துவம் செய்யச் செல்லும்போது மனத்தில் ஒரு தயக்கம் எழுவது இயல்பு. இயற்கை உணவு என்னும் பெயரால் புலால் நீக்கத்தை மருத்துவ விதியாகக் கூறிவிடலாமே என்று தோன்றவும் கூடும். அது மருத்துவத்தில் பொய்யைக் கலப்பதாகும். பிடித்த மீனே மலிவான ஊட்டமாக இருக்கும் வீட்டில், மாற்று உணவுக்கு வழி செய்யாமல் அதனை நீக்கச் சொல்லுதல் குழந்தைகளையும் கருவுற்றோரையும் வாடச் செய்யும். கொல்லாமையை வாழ்ந்து காட்டலாம், கேட்போர்க்கு விளக்கலாம். நோயாளியின் அச்சத்தைப் பயன்படுத்திப் புகட்டலாகாது. மருந்துத் தானம் பெறுவோனிடம் கைம்மாறு கேட்பதில்லை. மனமாற்றமும் ஒரு கைம்மாறே.

அரசு செய்யவேண்டுவனவும் உள. இயற்கை மருத்துவத்திற்கு நாடு முழுதும் செல்லும் ஒரே பதிவேடு வேண்டும். எவரும் கணினியில் பார்த்துச் சரிபார்க்கும்படி அது அமையவேண்டும். செய்யத்தக்கன, தகாதன, கட்டாயமாக அனுப்பவேண்டியன என மூன்று பட்டியல்கள் சட்டத்திலேயே இடம்பெறவேண்டும். பாட்டி வைக்கும் சுக்குக் கசாயத்திற்குள் சட்டம் நுழைய வேண்டுவதில்லை. தொழிலாகச் செய்து, மருத்துவர் என்று பெயர் பூண்டு, நம்பி வந்தோரைத் தொடுபவரிடத்திலேயே சட்டத்தின் கண் இருக்கவேண்டும். இக்கோரிக்கையைப் படித்த இயற்கை மருத்துவர்களே பல காலமாக எழுப்பி வருகின்றனர். அறக்கட்டளைகளும் அக்குரலோடு இணைதல் தகும்.

பெருமக்களே! அக்குப்பத்தின் பெயருக்குக் காரணமான கலங்கரை விளக்கம் எந்தப் படகையும் கரைக்கு இழுத்து வருவதில்லை. தான் நின்ற இடத்திலேயே நின்று கரை எங்கே இருக்கின்றதென்று காட்டுகின்றது. அதனை நம்பி இரவில் வருபவன் வீடு சேர்கின்றான். தன் எல்லையில் உறுதியாக நின்று, அப்பாலுள்ளதை உண்மையாகச் சுட்டிக்காட்டும் மருத்துவனும் அவ்வாறே நம்பத்தக்கவன். அத்தகையோரை அழைத்துச் சென்று ஏரிக்கரையில் நிறுத்துவதே இக்காலத்திற்கேற்ற ஔடத தானம்.

எல்லா உயிர்களும் நோயின்றி வாழ்க. அறம் வளர்க.